தோட்டா உறையும் குதிரை லாயமும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதை வீட்டில் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவர்கள் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையைப் பொறுக்கி, சுத்தம் செய்து, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். ரீலோடிங் என்று பெயர். சுத்தம் செய்யும்போது விவரம் தெரிந்தவர்கள் ஒன்றை மட்டும் கிட்டவே சேர்ப்பதில்லை: அம்மோனியா கலந்த பாலிஷ். காரணம் தெரியணும்னா பிரிட்டிஷ் காலத்து இந்தியாவுக்குப் போகணும்.

மழைக்காலத்தில் ராணுவ நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாவிலேயே வாய்ப்பகுதியில் விரிசல்! இதைத்தான் நம்ம மெட்டலர்ஜி புத்தகங்கள் சீசன் கிராக்கிங் என்கின்றன. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா ஒரு பக்கம், உறைக்குள்ளேயே தங்கியிருந்த ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் இன்னொரு பக்கம்.

ஸ்ட்ரெஸ் எங்கிருந்து வந்தது? உறை என்பது 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த தகடு. அதைக் கிண்ணமாக அழுத்தி, டீப் டிராயிங்கில் படிப்படியாக நீட்டுகிறார்கள். கடைசியில் குண்டைப் பிடிக்க வாயை நெரிக்கிறார்கள். எல்லாமே கோல்டு வொர்க்கிங். வெளியே அமைதியா இருக்கிற உலோகம் உள்ளே இழுபட்டுக்கிட்டே இருக்கு. ஈரத்தில் கரைந்த அம்மோனியா செம்போடு சேர்ந்து கரையும் கூட்டுப்பொருளாகி, கிரெய்ன் பௌண்டரி வழியாக உள்ளே இறங்கும். மீதியை ஸ்ட்ரெஸ் பிளந்துவிடும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் விரிசல் இல்லை. அதனால்தான் வாய்ப்பகுதியைச் சூடாக்கி ஸ்ட்ரெஸைத் தளர்த்தும் வழக்கம் வந்தது. அடிப்பகுதியை மட்டும் சூடாக்கக் கூடாது. அங்கே கடினம் குறைந்தால், சுடும்போது 300 மெகாபாஸ்கலைத் தாண்டும் அழுத்தத்தை உறை தாங்காது; சூடான வாயு சுடுபவர் முகத்துக்கு வரலாம்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? நம்ம புளி வைத்தியம்தான், கொஞ்சம் மாற்றி. புளியில் டார்டாரிக் அமிலம். அவர்கள் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். ஆக்சைடு கரையும், விரிசல் வராது. ஆனா ரொம்ப நேரம் ஊறவிட்டால் துத்தநாகம் வெளியேறி, மேல்பரப்பு இளஞ்சிவப்பாகிவிடும். ஊறிய பிறகு நல்லா அலசி, முழுக்க உலர்த்தணும். இன்னொரு வழி, அதிரும் தொட்டியில் வால்நட் ஓட்டுத் தூளோ மக்காச்சோளச் சக்கைத் தூளோ போட்டு சில மணி நேரம் உருட்டுவது. இதில் தண்ணீர் இல்லை, ஆனா தூசி உண்டு. பெரும்பாலான பிரைமர்களில் ஈய சேர்மம் இருப்பதால் அந்தத் தூசியில் ஈயமும் இருக்கும். சமையலறையில் இந்த வேலையே கூடாது. ஸ்டீல் ஊசிகளோடு தண்ணீரில் உருட்டினால் தூசி பறக்காது. அந்தத் தண்ணீரைத் தொட்ட கையை மட்டும் சோப்பு போட்டுக் கழுவணும்.

இவ்வளவும் பளபளப்புக்காக இல்லை. அழுக்கு போனால்தான் விரிசல் கண்ணுக்குத் தெரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டு, அடிக்குச் சற்று மேலே உள்சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். கம்பி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்த உறை நேராகக் குப்பைக்கு.