வட்டமாகிப்போன நட்டு

திருவேங்கடத்துத் தம்பிக்கு,

டிப்ளமோ படித்துக்கொண்டே பிளெண்டர் மென்பொருளில் மாடல் செய்யப் பழகுகிறாய். கேம் ஸ்டுடியோவில் ஆர்ட்டிஸ்ட் ஆக வேண்டும் என்ற ஆசை. பழைய கேம்களுக்கு மெருகேற்றி மறுபடி விற்கிறார்களே, அந்த ‘ரீமாஸ்டர்’களைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். சேர்த்து வைத்திருப்பதே இரண்டாயிரம் ரூபாய் என்பதால், பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு நட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 2004-ல் வந்த ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ கேமில் ‘டஃப் நட் டோனட்ஸ்’ என்று ஒரு கடை. அதன் அடையாளமாக, டோனட் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய இரும்பு நட்டு ஒன்று, ஆறு பட்டையோடு. கடைப் பெயரில் இருக்கும் ‘நட்’டை வைத்து யாரோ ஓர் ஓவியர் செய்த குறும்பு அது. 2021 நவம்பரில் வந்த ‘டெஃபினிட்டிவ் எடிஷ’னில் அந்த ஆறு பட்டையையும் வழித்து வட்டமாக்கிவிட்டார்கள். பழைய மாடலில் முனை தெரிந்தாலே அது குறை என்று நினைத்துவிட்டார்கள் போல. லேத் பட்டறையில் வேலை பழகும் பையன்கூட, இதில் ஸ்பானர் எப்படிப் பிடிக்கும் என்று கேட்பான்.

அதே கேமில் மூட்டத்துக்கும் இதே கதிதான். பிளேஸ்டேஷன் 2-இல் இருந்தது வெறும் 32 எம்பி மெமரி. மூன்று நகரங்களையும் ஒரு மலையையும் பாலைவனத்தையும் அதற்குள் அடக்கியவர்கள், தூரத்தை மூட்டத்தால் மறைத்தார்கள். மார்கழி விடியலில் கழுகுமலைப் பக்கம் போயிருப்பாய். கரிசலில் பனி இறங்கி நிற்கும்போது மலை எங்கோ இருப்பதுபோலத் தோன்றும். வெயில் ஏறியதும் பக்கத்தில் வந்து நிற்கும். புதுப் பதிப்பில் மூட்டத்தை எடுத்ததும் அப்படித்தான் ஆயிற்று. மலையுச்சியில் நின்றால் மொத்த உலகமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் அந்த மாதமே மன்னிப்புக் கேட்டது. பழைய வானத்தின் சாயலைத் திருப்பிக் கொண்டுவந்த அப்டேட் வர 2024 நவம்பர் ஆயிற்று.

நமக்கு இது புதிதில்லை. கும்பாபிஷேகத்துக்காக மணல் வீச்சில் சுத்தம் செய்யப்போய், கல்வெட்டு எழுத்தே மழுங்கிப்போன கோயில்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அழுக்கோடு சேர்த்து உளியின் தடமும் போய்விட்டது.

சரியாகச் செய்ததற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ படம், 2012 மார்ச்சில் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரும்ப வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. கீறலைத் துடைத்தார்கள், ஒலியைப் புதுப்பித்தார்கள். சிவாஜியின் முகத்தில் கை வைக்கவில்லை.

கேமில் அதற்கு இணையாகச் சொல்லக்கூடியது 2021-ல் வந்த ‘டயாப்லோ 2 ரிசரெக்டட்’. 2000-ல் வந்த கேமின் கணக்குகள் அடியில் அப்படியே ஓடுகின்றன. முப்பரிமாணப் படம் அதன்மேல் போர்த்திய துணி மாதிரி. கீபோர்டில் ‘ஜி’யைத் தட்டினால் துணி விலகிப் பழைய படம் வந்துவிடும். 2024-ல் வந்த ‘டூம் ரெய்டர்’ முதல் மூன்று பாகங்களின் ரீமாஸ்டரிலும் இந்த வசதி உண்டு. உன்னைப் போன்றவனுக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் இது. ஒரு சுவரைப் பார், விசையைத் தட்டு, மறுபடி பார். எத்தனை புள்ளிகளை வைத்து அந்தக் காலத்தில் ஒரு தீப்பந்தத்தின் வெளிச்சத்தைக் காட்டினார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ இன்னும் ஒரு படி மேலே. 1999-ல் அதைச் செய்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-ல் மூடப்பட்டது. பிறகு அதற்கு உயிர் கொடுத்தவர்கள் அதன் ரசிகர்கள். அவர்கள் சொந்தமாகச் செய்து பகிர்ந்த ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற கூடுதல் பகுதியே பிறகு அதிகாரபூர்வ ஸ்டுடியோவின் பெயராக மாறியது. 2019-ல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. 2022 ஏப்ரலில் தனி விலைக்கு வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ பகுதியில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பை நீயே நடத்தலாம். சுருள்வாள் வீரனைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான்!

‘வார்கிராஃப்ட் 3 ரிஃபோர்ஜ்ட்’ வேண்டாம். 2020 ஜனவரியில் வந்தபோது, முன்பு காட்டி வாக்குக் கொடுத்த காட்சிகள் அதில் இல்லை. பழைய கேமை வைத்திருந்தவர்களும் புதிய மென்பொருளுக்குள் இழுக்கப்பட்டார்கள். கடைசியில் அதை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழையதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை விற்கும் எதையும் சந்தேகத்தோடு பார். ஜிடிஏவிலும் அதைத்தான் முதலில் செய்தார்கள்.

ஆக, உன் இரண்டாயிரத்தில் டயாப்லோ ஒன்று, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஒன்று. அவசரப்படாதே, ஆன்லைன் கடைகளில் கோடையிலும் குளிர்காலத்திலும் விலை இறங்கும், அப்போது வாங்கு. ஜிடிஏவைப் பழைய பதிப்பில் விளையாடினால் போதும்.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கென்றால், உனக்குக் கிடைக்கும் முதல் வேலையே இப்படி ஒன்றாக இருக்கலாம். வெளிநாட்டு கேம்களின் ஆர்ட் வேலை இந்தியாவுக்கு நிறைய வருகிறது. பெங்களூரில் 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் ஸ்டுடியோவை 2019-ல் ராக்ஸ்டாரே வாங்கிக்கொண்டது. நாளைக்கு ஒரு பழைய நட்டு உன் திரைக்கும் வரும். மவுஸில் கை வைக்கும் முன், இது ஏன் ஆறு பட்டையோடு இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேள்.

இன்னொன்று. 2012-ல் ‘சைலன்ட் ஹில்’ எச்டி தொகுப்பைச் செய்தவர்களுக்கு, மூல கேமின் இறுதி சோர்ஸ் கோட் கிடைக்கவில்லை. கேமை வெளியிட்ட கொனாமியிடமே அது முழுதாக இல்லை. அரைகுறையாகக் கிடைத்ததை வைத்து வேலை செய்ததில், அந்தக் கேமுக்கு உயிரான பனிமூட்டமே கெட்டுப்போயிற்று. உன் லேப்டாப்பில் இருக்கும் பிளெண்டர் ஃபைல்கள் சின்னதோ பெரிதோ, இன்று ராத்திரியே இன்னொரு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, தேதி எழுதி வை.