கருணைக்கொலை: சட்டமும் மார்க்கமும்



பெற்றவர் ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். "இனி முன்னேற்றம் இருக்காது, என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்கிறார் டாக்டர். மிஷினை எடுக்கச் சொன்னால் அது கொலையாகிவிடுமோ என்று பிள்ளைகள் நடுங்குகிறார்கள். பில்லும் நாளுக்கு நாள் ஏறுகிறது. இந்த நிலை எந்த வீட்டுக்கும் வரலாம். ஆகவே நாம் முன்கூட்டியே தெளிவு பெறுவது நல்லது.

இரண்டு செயல்கள், ஒரே பெயர்

ஊசி போட்டு உயிரைப் போக்குவது ஒன்று. பயனற்றுப்போன சிகிச்சையை விலக்கி, நோயின் போக்கில் மரணம் வர விடுவது மற்றொன்று. இரண்டையும் 'கருணைக்கொலை' என்றே அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது. முதலாவதை நெதர்லாந்து 2002 முதல் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. நம் நாட்டில் அது குற்றம்.

சட்டம்

மும்பை கெ.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7-ல் தள்ளுபடி செய்தது. ஆனால் மீளாத நிலையில் உள்ளவருக்கு, உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை விலக்கலாம் என்றும் கூறியது. அந்த மருத்துவமனை நர்ஸுகள் 2015-ல் அருணா இறக்கும் வரை அவரைப் பராமரித்தார்கள்.

2018 மார்ச் 9-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமான மரணமும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அத்தகைய நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்பே எழுதிவைக்கலாம். 2023-ல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். சிகிச்சையை விலக்க இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும்.

மார்க்கம்

உயிர் அல்லாஹ்வின் அமானிதம். தன்னையே மாய்த்துக்கொள்வதை அந்நிஸா அத்தியாயம் தடுக்கிறது. காயத்தின் வேதனை தாளாமல் கையை வெட்டிக்கொண்டு இறந்தவருக்குச் சொர்க்கம் தடுக்கப்பட்டதாக புகாரி ஹதீஸ் கூறுகிறது. ஆகவே கருணை என்ற பெயரிலும் உயிரைப் போக்குவது ஹராம்.

எனினும், வலிப்பு நோயுற்ற பெண்மணி ஒருவர் துஆ கேட்டு வந்தபோது, பொறுமை காத்தால் சொர்க்கம் என்றும், விரும்பினால் குணமடைய துஆ செய்வதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். எல்லா நிலையிலும் சிகிச்சை கட்டாயமல்ல என்பதற்கு உலமாக்கள் பலர் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மூளையின் இயக்கம் மீளாதபடி முற்றிலும் நின்றதை நிபுணர்கள் உறுதிசெய்தால் கருவியை விலக்கலாம் என்று, சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986-ல் அம்மானில் முடிவு செய்தது.

நாம் செய்ய வேண்டியவை

• 'குணமாகும் வாய்ப்பு இல்லை' என்பதை ஒன்றுக்கு மேற்பட்ட டாக்டர்களிடம் கேளுங்கள்.

• பணமில்லாததால் சிகிச்சையை நிறுத்தும் நிலை வந்தால் அது நம் அனைவரின் பொறுப்பு. முடிவெடுக்கும் முன் ஜமாஅத்திடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

• நோயாளியின் நிலையைச் சொல்லி ஆலிமிடம் ஆலோசியுங்கள்.

• மிஷினை விலக்கினாலும் பராமரிப்பை நிறுத்தாதீர்கள். வலிக்கு மருந்து, உடல் சுத்தம், அருகில் ஒருவர், காதருகே கலிமா ஆகியவை அவருடைய உரிமை.

• உடல்நலத்தோடு இருக்கும்போதே உங்கள் விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் சொல்லி வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் ஈமானோடு கூடிய நல்ல முடிவையும் தருவானாக! ஆமீன்.