உழவு இயந்திரச் சுழல்தண்டுக்குக் கிறீஸ் இடுதல்

உழவு இயந்திரத்தின் விசையைச் சுழற்கலப்பைக்குக் கொண்டு செல்வது அதன் பின்புறத்தே பூட்டப்படும் சுழல்தண்டாகும். இதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டு ஒவ்வொன்று உண்டு. சேற்று வயலை உழும்போது நீரும் மண்ணும் இம்மூட்டுக்களிற் புகும். கிறீஸ் குறைந்தால் உள்ளிருக்கும் உருளைகள் துருவேறித் தேய்ந்து, உழவு மும்முரமான வேளையில் மூட்டு முறிந்துவிடும்.

ஆகவே, வேலை நடைபெறும் நாட்களில் 8 மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் கமக்காரர் பின்வருமாறு கிறீஸ் இடல் வேண்டும்.

1. கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுக.

2. கிறீஸ் நிப்பிளைத் துணியால் நன்கு துடைக்குக. துடையாவிடின் மண்ணும் கிறீசுடன் உட்செல்லும்.

3. சிலுவையின் நான்கு முனைகளிலும் புதுக் கிறீஸ் கசியும் வரை பம்பினால் ஏற்றுக. ஒரு முனையிற் கசியாவிடின் அங்கு அடைப்பு உண்டு. மூட்டைக் கழற்றிச் சுத்தஞ் செய்க.

4. ஒன்றினுள் ஒன்று நழுவும் குழாய்களுக்கும் கிறீஸ் பூசுக. அவை இறுகினால், கலப்பையை உயர்த்தும்போது தண்டு இயந்திரத்தை நெருக்கிப் பழுதாக்கும்.

5. காவலுறையை மீண்டும் பூட்டுக.

இத்தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை, அதாவது ஒரு செக்கனுக்கு 9 முறை, சுழல்வது. சாரத்தின் ஓரம் சிக்கினாலும் விலகிக்கொள்ள நேரமிராது. எனவே, ஓடும் தண்டுக்குக் கிறீஸ் இட ஒருபோதும் முயலலாகாது.