ஒருவர் படுத்தால் வீடே படுப்பது ஏன்?

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி சேவிக்க உறவுக்கூட்டம் வந்து இறங்கும் ஸ்ரீரங்கத்து வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். ராத்திரி ஒரு பிள்ளை வாந்தி எடுக்கும். மறுநாள் பாட்டி, அதற்கும் மறுநாள் இன்னும் இரண்டு பேர். "ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலை" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

கெட்டுப்போன உணவு என்றால் சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படுப்பார்கள். ஒருவர் பின் ஒருவராகப் படுத்தால் நோரோ போன்ற வைரஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் அது வேலையைக் காட்டும். மிகச் சில துகள்களே போதும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட கை குழாயைத் திருகுகிறது; அடுத்து வருபவர் அதே குழாயைத் திருகிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்.

"தண்ணியக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்?" காய்ச்சுவது அவசியம். 2025 ஏப்ரலில் உறையூரில் பலர் வயிற்றுப்போக்கில் விழுந்தபோது, குடிநீரில் சாக்கடை கலந்ததாக மக்கள் கொதித்தது மறக்கக்கூடியதல்ல. ஆனால் ஆறவைத்த தண்ணீர்க் குடத்தில் டம்ளரை முக்கி மொள்ளும்போது நான்கு விரலும் தண்ணீருக்குள் போகின்றன. காய்ச்சிய பலன் அங்கேயே தீர்ந்தது. குழாய் வைத்த பாத்திரமோ, நீளக் காம்புக் கரண்டியோ வையுங்கள். சானிடைசரையும் நம்பி இருக்காதீர்கள்; நோரோவிடம் அதன் பலம் குறைவு. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

எனக்கு அதிகக் கவலை தருவது "வயித்தக் காயப்போடு" என்பது. குடித்தால் இன்னும் போகும் என்று குழந்தைக்குத் தண்ணீரையே நிறுத்துகிறார்கள். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கிருமியல்ல, உடம்பில் நீர் வற்றுவதுதான். 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரையுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, மோர் சாதம் தாராளமாகத் தரலாம். சோடாவும் குளுக்கோஸ் பொடியும் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. சர்க்கரை மிகுந்த பானங்களும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்றதால், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது.

"பல் முளைக்குது, அதான் போகுது", "உச்சி விழுந்திருக்கு, எண்ணெய் வை" என்பார்கள். பல் முளைப்பதால் பேதி ஆகாது. உச்சிக்குழி உள்வாங்குவதோ நீர் வற்றியதன் அடையாளம். அதோடு கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனைக்கோ புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கோ ஓடுங்கள்.

சூட்டினால்தான் பேதி என்பதும் சரியல்ல. குழந்தைகளைத் தாக்கும் ரோட்டா வைரஸ் குளிர் மாதங்களில்தான் தலைதூக்கும். அதற்கான சொட்டு மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் அரசு மையங்களில் இலவசம்.

வாந்தி எடுத்த இடத்தைப் ஃபினாயிலால் துடைத்தால் மணக்கும், அவ்வளவுதான். கையுறை போட்டு முதலில் வழித்தெடுங்கள். லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

"நின்னுடுச்சே, இனி என்ன?" என்று சமைக்கப் போவதும் தவறு. நின்ற பிறகும் இரண்டு வாரம்கூட மலத்தில் வைரஸ் வெளியேறும். முதல் 48 மணி நேரமாவது சமையலறைப் பக்கம் போக வேண்டாம். படுத்தது சமைக்கிற பெண்மணி என்றால், அந்த இரண்டு நாளும் கையைச் சோப்பில் கழுவிவிட்டு வீட்டு ஆண்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.