தள்ளுபடி நோட்டீஸைப் பார்த்து பஸ் ஏறும் முன்

மாதம் பிறந்தால் நாளிதழுக்குள் செருகி வரும் வழுவழு நோட்டீஸ்கள் இப்போது உத்திரமேரூர் வரைக்கும் வந்துவிட்டன. வாட்ஸ்அப் குழுக்களில் படமாகவும் சுற்றுகின்றன. காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ ஒரு சூப்பர் மார்க்கெட். 2,000 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ஒரே ரூபாய், அடுத்த முறைக்கு நூறு ரூபாய் கூப்பன், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அவ்வளவு தூரம் போனால் நிஜமாகவே மிச்சமாகுமா?

ஆகும், சில சாமான்களில் மட்டும். மளிகை லிஸ்ட் முழுவதையும் அங்கே கொண்டுபோனால் ஆகாது. லிஸ்டை முதலில் வீட்டில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ரேஷனில் வாங்குவது எது, வருஷத்துக்கு ஒருமுறை வாங்கி வைப்பது எது, ஊர்க் கடையில் எடுப்பது எது என்று பார்த்து, மிஞ்சுவதை மட்டும் சூப்பர் மார்க்கெட்டுக்கு விடுங்கள். அந்த மிச்ச லிஸ்ட் சின்னதாகத்தான் இருக்கும்.

ரேஷனில் தொடங்குகிறேன். எந்தக் கடைத் தள்ளுபடியும் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். சர்க்கரை அரிசி அட்டைக்குக் கிலோ 25 ரூபாய். ஆளுக்கு அரைக் கிலோ வீதம் குடும்பத்துக்கு இரண்டு கிலோ வரை. நாலு பேர் உள்ள வீட்டில் பருப்பு, பாமாயில், சர்க்கரை மூன்றையும் மாதம் தவறாமல் வாங்கினாலே, வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் 200 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். அதே 200 ரூபாயை ஐந்து சதவீதத் தள்ளுபடியில் எடுக்க வேண்டுமானால் 4,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கியாக வேண்டும்.

‘பருப்பு வந்துச்சா வரலையான்னே தெரியல, ரெண்டு தடவ நடந்து அலுத்துப்போச்சு’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நடக்க வேண்டாம். குடும்ப அட்டையில் பதிந்த செல்போனிலிருந்து, ‘பி.டி.எஸ்.’ என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 101 என்று போட்டு 9773904050 எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். உங்கள் கடையில் என்ன இருப்பு இருக்கிறது என்று பதில் வரும். 102 என்று போட்டால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும். பொருள் தராமலே தந்ததாக எஸ்.எம்.எஸ். வந்தால் 1967-க்குப் போன் செய்யலாம்.

ரேஷன் அரிசி சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் புழுங்கல் அரிசியை இட்லிக்கு ஊறப் போடுங்கள். மாவு நன்றாகவே பொங்கும். பாமாயிலை வடைக்கும் முறுக்குக்கும் அப்பளம் பொரிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரிசியை எட்டுக்கும் பத்துக்கும் போட்டுவிட்டு, நாற்பது ஐம்பது கொடுத்து இட்லி அரிசி வாங்கும் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. விற்பது குற்றமும்கூட.

சாப்பாட்டு அரிசிக்கு வருவோம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு ஐந்து கிலோ பாக்கெட் அரிசி வாங்குவது அநியாயம். 2025 செப்டம்பர் முதல் அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அந்த விலையிலேயே 75 கிலோ மூட்டை ஒன்றைத் தெரிந்த விவசாயியிடம் வாங்கினால் 1,909 ரூபாய். அவித்து அரைத்தால் 48 கிலோ முன்னப்பின்ன அரிசி வரும். ஆக, கிலோ நாற்பது ரூபாயில் கணக்கு தொடங்குகிறது. அதன்மேல் அவிக்கிற கூலி, மில் கூலி, வண்டி வாடகையைக் கூட்டுங்கள். தவிட்டு விலையைக் கழியுங்கள். கடை அரிசியைவிடக் கிலோவுக்கு ஐந்து ரூபாயாவது குறைந்தால் செய்யலாம். குறையவில்லை என்றால் மூட்டை அரிசியே மேல்.

மூட்டையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 25 கிலோவுக்கு உட்பட்ட, பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கும், சில்லறையில் அளந்து போடுவதற்கும் வரி கிடையாது. அரிசி ஆலைகள் திடீரென்று 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தது இதனால்தான். ஆகவே 26 கிலோ மூட்டை என்றதும் ஒரு கிலோ கூடுதலாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். விலையை 26-ஆல் வகுத்து, 25 கிலோ மூட்டையின் கிலோ விலையோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது வருஷச் சாமான். நம் பாட்டிமார் கூப்பன் பார்த்ததில்லை, ஆனால் எந்த மாதத்தில் எது விலை இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தை, மாசியில் புதுத் துவரை சந்தைக்கு வருகிறது. மாசி, பங்குனியில் புதுப் புளி, புது மிளகாய், மஞ்சள், தனியா. அப்போது வாங்கி சித்திரை வெயிலில் காயப் போட்டால் அடுத்த மாசி வரை கவலையில்லை. புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, கல்லுப்பு தூவி, உருட்டி ஜாடியிலோ மண்பானையிலோ அமுக்கி வையுங்கள். மிளகாயைக் காம்போடு காயவையுங்கள்; காம்பு கிள்ளிவிட்டால் விதை உதிர்ந்து வண்டு வைக்கும். துவரம் பருப்பில் விளக்கெண்ணெய் லேசாகத் தடவி, கையில் எண்ணெய் ஒட்டாத அளவுக்கு வெயிலில் வைத்து எடுத்தால் போதும். மிளகாயும் தனியாவும் வறுத்து மிஷினில் கொடுத்து அரைத்த குழம்புத்தூளின் கிலோ அடக்கத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு நூறு கிராம் மசாலா பாக்கெட்டின் விலையைப் பத்தால் பெருக்குங்கள். ‘இருபது சதவீதத் தள்ளுபடி’ என்ற எழுத்து அதற்கப்புறம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

இதற்கு மொத்தமாகக் கையில் பணம் வேண்டும் என்பது நியாயமான ஆட்சேபம். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், 2023 செப்டம்பர் 15 அன்று நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. அது வருகிற வீடுகளில் தை, மாசி, பங்குனி மூன்று மாதத் தொகையை மட்டும் வருஷச் சாமானுக்கு என்று ஒதுக்கிப் பாருங்கள். மகளிர் குழுவில் உள்ள நாலைந்து வீடுகள் சேர்ந்து சர்க்கரை மூட்டையோ எண்ணெய் டின்னோ எடுத்துப் பிரித்துக்கொள்வதும் நல்ல வழி.

எண்ணெய் டின்னில் மட்டும் ஜாக்கிரதை. ஒரு டின்னில் 15 லிட்டர் என்றிருக்கும், இன்னொன்றில் 15 கிலோ. இரண்டும் ஒன்றல்ல. சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் நிற்கும். ஆகவே 15 லிட்டர் டின்னில் உள்ளது 13 கிலோ 650 கிராம். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வித்தியாசம்! செக்கில் வாங்கும்போதும் ‘கிலோவா, லிட்டரா?’ என்று முதலில் கேளுங்கள். (செக்கு எண்ணெய் மலிவு என்று நான் சொல்லவில்லை. ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பு போல ஆகும். சொந்தக் கொல்லையில் வேர்க்கடலையும், பிண்ணாக்கு தின்ன வீட்டில் மாடும் இருந்தால் கட்டும். இல்லையேல் அது ருசிக்கும் மனத் திருப்திக்கும் செய்கிற செலவு.)

இனி பாக்கெட்டைப் படிக்கிற விஷயம். உத்திரமேரூர் என்றாலே குடவோலைத் தேர்தல் கல்வெட்டைப் பற்றிப் பேசுவார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டிலேயே பொன் வாரியம் என்று பொன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு தனிக் குழுவும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கலாமா? முன்பு பிஸ்கட், எண்ணெய், சோப்பு போன்றவற்றை இன்னின்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்று விதி இருந்தது. அது 2022-இல் போய்விட்டது. அதனால்தான் 850 மில்லி, 910 கிராம், 420 கிராம் என்று வாயில் நுழையாத அளவுகளெல்லாம் வருகின்றன. பதிலுக்கு, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடி விலைக்கு நீங்களேதான் செல்போனில் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு, லிட்டர் எண்ணெய் 160 ரூபாய், பக்கத்தில் அதே மாதிரி பாக்கெட் 145 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை 145-க்குத்தான் போகும். அது 850 மில்லி என்றால் லிட்டர் 170 ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபம் என்பதும் பொய். ஷாம்பூவை எடுங்கள்: பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு ரூபாய் பாக்கெட், மில்லி கணக்கில் பல சமயம் பெரிய பாட்டிலைவிட மலிவாகவே வருகிறது. டீத்தூளில் நேர்மாறு, பெரிய பாக்கெட்தான் மலிவு. சாமானுக்குச் சாமான் வகுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த ஒரு ரூபாய்ச் சர்க்கரைக்கு வருகிறேன். சர்க்கரை கிலோ 45 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 44 ரூபாய். 2,000 ரூபாய் பில்லில் அது இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். உங்கள் லிஸ்ட் 1,600-லேயே முடிந்துவிட்டது என்றால், 44 ரூபாய்க்காக 400 ரூபாய்க்கு வேண்டாத சாமானைக் கூடையில் போடப்போகிறீர்கள். நூறு ரூபாய் கூப்பனின் பின்புறத்தையும் படியுங்கள். எத்தனை நாளுக்குள், எவ்வளவுக்கு மேல் வாங்கினால், எந்தெந்தச் சாமான் நீங்கலாக என்று இருக்கும். அடுத்த மாதம் எப்படியும் அங்கே போக வேண்டியிருந்தால் அது பணம். அதற்காகவே போவதென்றால் வெறும் காகிதம்.

சூப்பர் மார்க்கெட்டில் நிஜமாக மிச்சமாவது, கெடாத, மாதாமாதம் செலவாகிற பொருள்களில். குளியல் சோப்பு, சோப்புத்தூள், பற்பசை, பாத்திரம் துலக்குவது, நாப்கின், டீத்தூள் போன்றவை. எம்.ஆர்.பி.யில் பதினைந்து இருபது சதவீதம் குறைந்தோ, ஒன்றுக்கு ஒன்று இலவசமாகவோ வரும்போது மூன்று மாதத்துக்கு எடுத்து வையுங்கள். சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து ஐந்து சதவீதமாகக் குறைந்தது. ஆகவே பழைய விலையை அடித்து, புதியதைப் ‘பண்டிகைத் தள்ளுபடி’ என்று போட்டிருந்தால், அதில் பாதி கடைக்காரர் தருவதல்ல, வரி குறைந்ததால் வந்தது. தின்பண்டத்தில் ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். மூன்று வாரத்தில் காலாவதியாகும் சரக்கைத்தான் பெரும்பாலும் அப்படித் தள்ளுவார்கள். காய்கறியை அங்கே தொடவே வேண்டாம்.

போகிற செலவும் கணக்கில் வரும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அந்த பஸ்ஸாகப் பார்த்துப் போனால் தள்ளுபடி தள்ளுபடியாகவே நிற்கும். தனியார் பஸ், திரும்பும்போது மூட்டையோடு ஆட்டோ, பிள்ளைகளுக்கு பரோட்டாவும் ஜூஸும், ஒரு நாள் கூலியும் போச்சு என்றால் 300 ரூபாய் மிச்சம் எங்கே நிற்கும்? வேறு வேலையாகக் காஞ்சிபுரம் போகிற நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு வீட்டு லிஸ்டை ஒருவர் எடுத்துப் போகட்டும்.

ஊர் மளிகைக் கடையை மறந்துவிட வேண்டாம். கடன் நோட்டில் எழுதி வாங்குகிறவருக்குக் கடைக்காரர் எம்.ஆர்.பி.யில் குறைக்க மாட்டார். குறைக்கவும் முடியாது, அவர் பணமும் முடங்கியிருக்கிறது. கையில் காசு வைத்து, மாதச் சாமான் மொத்தமாக ஒரே நாளில் எடுத்து, ‘அண்ணே, நோட்டீஸ்ல இந்த வெல போட்டிருக்கான், நீங்க எவ்வளவு கொறைப்பீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் குறைப்பார்கள்.

தீபாவளிப் பலகாரச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் 500 கட்டினால் எண்ணெய், மாவு, பட்டாசு, கூடவே ஒரு கிராம் தங்கம் என்கிறார்கள். பக்கத்துச் செய்யாறிலேயே இப்படிச் சீட்டு நடத்தி, தீபாவளி நெருங்கும்போது மூடிவிட்டுப் போன கதை 2022-இல் எல்லா நாளிதழிலும் வந்தது. அதே 500-ஐ வங்கியில் ஓராண்டு ஆர்.டி. போட்டால் 6,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். எந்தக் கடையில் விலை குறைவோ அங்கே போகலாம்.

கடைசியாக, பில் போடும் இடம். செல்போன் எண் கொடுத்தால்தான் பில் வரும் என்று வற்புறுத்தக்கூடாது என மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. பாயிண்ட் சேர வேண்டும் என்றால் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். அலமாரியில் ஒட்டிய விலையும் பில்லில் ஏறிய விலையும் ஒன்றா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். தள்ளுபடி பில்லில் ஏறாமல் போவது சர்வசாதாரணம். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும், விளம்பரத்தில் சொன்ன சலுகையைத் தராவிட்டாலும், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.