காலடியில் உள்ளதைக் கொண்டு கட்டுவோம்

பிரான்ஸ் நாட்டின் பர்கண்டிப் பகுதியில், கெடெலோன் என்னும் காட்டுப்புறத்தில், 1997ஆம் ஆண்டு ஒரு கோட்டையின் கட்டுவேலை தொடங்கியது. 13ஆம் நூற்றாண்டின் முறைகளே அங்கு கையாளப்படுகின்றன. அதன் திட்டமிடலில் நாம் கற்கக்கூடியவை நான்கு.

1. இடம்: மிஷேல் கியோவும் அவரது குழுவினரும் கைவிடப்பட்ட கல்லகழ் குழி ஒன்றைத் தெரிந்தெடுத்தனர். கல் காலடியில் இருந்தது. மரம், மணல், களிமண், நீர் யாவும் அருகிலேயே கிடைத்தன. பாரமான பொருட்களைத் தூரத்திலிருந்து ஏற்றி வருவதே செலவைப் பெருக்கும்.

2. கருவி: 13 முடிச்சுள்ள கயிற்றில் 12 சம இடைவெளிகள் உண்டு. அதை 3, 4, 5 இடைவெளிப் பக்கங்கள் கொண்ட முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் செங்கோணம் கிடைக்கும். மனிதர் உள்ளே நின்று நடக்க, பெரிய மரச்சக்கரம் சுழன்று கல்லை உயர்த்தும். பாதுகாப்பில் மட்டும் இக்கால விதிகளே பின்பற்றப்படுகின்றன.

3. பணம்: ஆரம்பத்தில் வெளியுதவி தேவைப்பட்டது. 1998 முதல் பார்வையாளர் அனுமதிக்கப்பட்டனர். பின்னர் அவர்களது நுழைவுக் கட்டணமே வேலையைத் தாங்கியது. கட்டி முடியும்வரை வருமானத்துக்குக் காத்திருக்கவில்லை.

4. அறிவு: 2019இல் பாரிஸ் நோத்ர டாம் பேராலயத்தின் கூரை எரிந்தது. அதை மீளமைத்தோருள் கெடெலோனில் கைக்கோடரியால் மரம் செதுக்கிப் பழகிய தச்சரும் இருந்தனர். சுவர்களோடு கைத்திறனும் வளர்ந்திருந்தது.

கலந்துரையாடுவோம்: நாம் கட்ட எண்ணும் கட்டடத்துக்கு வேண்டியவற்றுள் எவை எம்மிடம் உள்ளன? வேலை முடியும்போது எத்தனை பேர் தொழில் கற்றிருப்பர்?