போன் எச்சரிக்கும், உடம்பு எச்சரிக்காது: கத்திரி வெயிலில் வீடியோ எடுக்கப் போறீங்களா?

போன வருஷம் மே மாதம். வேலூர் கோட்டையைப் பற்றி ஒரு நிமிட வீடியோ எடுக்க நாங்க மூணு பேர் போயிருந்தோம். காலை 10 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் முடிச்சிடலாம் என்பது திட்டம். திட்டம் போட்டது நான்தான். 12 மணிக்குப் பாதிகூட முடியவில்லை. கோட்டை மதில் மேல் நின்றபோது என் போன் திரையில் எச்சரிக்கை வந்தது: சூடு அதிகம், ஆறிய பிறகுதான் இயங்கும். நாங்க சிரிச்சோம். "பரவாயில்ல, என் போன்ல எடுப்போம்" என்று கேமரா வேலை பார்த்த நண்பர் தன் போனை எடுத்தார்.

இருபது நிமிஷம் கழித்து "அடுத்த ஷாட் எங்கே?" என்று அவரிடம் கேட்டேன். "பஸ் வந்துடுச்சா?" என்றார். காமெடி பண்றார்னு நினைச்சோம். மறுபடி கேட்டபோது போனை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. கால்கள் தள்ளாடின. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

போனுக்குள் வெப்பத்தை அளக்கும் உணரி இருக்கு. அளவு மீறினால் தானே நின்றுவிடும். உடம்பில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அதுவும் வீடியோ எடுக்கும்போது கண் திரையில், மனசு 'இன்னும் ஒரே ஒரு டேக்'கில். தாகம்கூடத் தெரியாது. சூடு மூளையைப் பாதித்துவிட்டால், 'எனக்கு என்னமோ ஆகுது' என்று சொல்லும் தெளிவும் போய்விடும். அதனால் தனியா ரீல்ஸ் எடுக்கப் போவதைக் கோடையிலாவது விட்டுடுங்க. கூட வருபவரின் முதல் வேலை, எடுப்பவரைக் கவனிப்பது. லைட் பிடிப்பதெல்லாம் அப்புறம்.

'ஆப்பில் 39 டிகிரிதானே காட்டுது' என்று கிளம்புவோர் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். வானிலை மையம் வெப்பநிலையை அளப்பது நிழலில். தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில், காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி இருக்கும். நீங்க நிற்பதோ நேர் வெயிலில், கீழே கருங்கல்லோ தார் ரோடோ கொதிக்க. ஆப்பில் வரும் எண்ணைவிட உங்க மேல் விழும் சூடு அதிகம்தான். கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல்: காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வெப்ப அலை என்று பார்க்கத் தொடங்கும் அளவை வானிலைத் துறை சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 என்றும் வைத்திருக்கிறது. சென்னைவாசிகள் வேலூர்க்காரர்களைப் பார்த்து ஆறுதல் பட வேண்டாம்.

நேரத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். பகல் 12 முதல் 3 மணி வரை வெளியில் எடுக்கவே வேண்டாம். வீடியோவுக்கும் அது மோசமான நேரம்தான். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வரும். முகத்தில் கண் இருக்கும் இடம் இருட்டாகத் தெரியும், எந்த ஃபில்டர் போட்டாலும் சரியாகாது. காலை 6 முதல் 8:30, மாலை 4:30-க்குப் பிறகு எடுங்க. எந்தெந்த ஷாட் என்று முதல் நாள் ராத்திரியே எழுதி வைத்தால், வெயிலில் நின்று விவாதிக்கும் நேரம் மிச்சம்.

போனைப் பொறுத்தவரை, ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம்ம ஊர் மே மாத நிழலே அதைத் தாண்டிவிடும். உறையைக் கழற்றுங்க, 4கே வேண்டாம், 1080 போதும். சார்ஜ் ஏற்றிக்கொண்டே எடுக்காதீங்க. பவர் பேங்கை வெயிலில் நிற்கும் பைக் மேலோ மூடிய காருக்குள்ளோ விட்டுவிடாதீங்க. சூடான போனை ஃபிரிட்ஜில் வைப்பவர்களைப் பார்த்திருக்கேன். உள்ளே ஈரம் படிந்து போனே போய்விடும், நிழலில் அணைத்து வைத்தால் போதும். ஒருவர் குடை பிடித்தால் எடுப்பவருக்கும் போனுக்கும் நிழல், திரையும் நல்லா தெரியும்.

குடிக்கும் விஷயத்தில் தாகத்தை நம்பாதீங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று போனிலேயே அலாரம் வைங்க. மோர், இளநீர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரும்பாலும் ஒரு லிட்டர்) முழுசாகக் கலக்கணும். பாதியைப் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவது தப்பு. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துடுங்க. ரத்த அழுத்தம், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வெயிலில் இறங்குவது நல்லது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் ஷூட்டிங் முடிந்தது என்று அர்த்தம். நிழலில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்க. ஆனால் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், மயங்கினால், அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். அந்த நிலையில் உடம்புச் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். 'வேர்வை நின்றால்தான் ஆபத்து' என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி இல்லை. ஓடியாடி வேலை செய்தவருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் வரும்.

உடனே 108-ஐக் கூப்பிடுங்க. கோட்டை, ஏரிக்கரை, மலையடி மாதிரி இடங்களில் வழி சொல்லத் திணறுவோம். எந்த வாசல், பக்கத்தில் என்ன கோயில், என்ன கடை என்று வந்ததுமே பார்த்து வச்சுக்கணும். ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா இருக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கிப் போய், இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே விசிறுங்க. ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைங்க. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. சாதாரண சந்தேகங்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கு.

தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. யாருக்கும் அது தேவைப்படக் கூடாது. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாத குடும்பங்கள் நிறைய. வெயில் எச்சரிக்கைகளைப் பார்க்க டி.என். அலர்ட் செயலி தமிழிலேயே இருக்கு.

எங்க நண்பர் ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியா திரும்பினார். மதில் மேல் நடந்தது எதுவும் அவருக்கு இன்று வரை ஞாபகம் இல்லை. மூணு வாரம் கழித்து அதே வீடியோவைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். ஏழே காலுக்கு முடிந்தது.